திறந்த கோப்புகள்

மழை பெய்து இருபத்து மூன்று நாள்.
திரு கோ பெங் சியூ செவ்வாய்தோறும் அழைப்பார்,
சரியாக ஒன்பது ஐந்துக்கு.
ஒன்பதுக்கே அழைத்தால் கோப்பி ஆறிவிடும் எனக்கு
என்று அவருக்குத் தெரியும்.

"புல் இடுப்பளவு, மிஸ் மங்கை.
என் இடுப்பு இல்லை, உயரமான ஆளின் இடுப்பு.
காய்ந்து கிடக்கிறது."
எழுதிக்கொண்டேன்.
(முழுப்பெயர் மங்கையர்க்கரசி.
திரையின் கட்டத்தில் அடங்காது.)

லாலாங்.
தர்ப்பைக்கு ஒன்றுவிட்ட தங்கை.
தேக்காவின் பூசைக்கடையில்
கட்டுக்கு இவ்வளவென்று காசு கொடுக்கிறோம்;
புளோக்குக்குப் பின்னால்
ஒன்றரைக் கால்பந்துத் திடலுக்கு இனாம்.

வரைபடத்தைத் திறந்தேன்.
வேலிக்கு இப்பால் எங்கள் நகர மன்றம்.
வேலி எங்களுடையதல்ல.
வடிகால் ஒரு கழகம், அதன் கரை இன்னொன்று,
புல் நிற்கும் மண் மூன்றாவது.
புல்லில் விழுந்த சிகரெட் துண்டுகளுக்கு
வரைபடத்தில் வண்ணம் இல்லை.

மூவருக்கும் அனுப்பினேன்.
மூவரும் மரியாதையாய்ப் பதில் எழுதினார்கள்,
ஒவ்வொருவரும் மற்ற இருவரைக் காட்டி.
உங்கள் அக்கறைக்கு நன்றி.
நான்காம் செவ்வாய்
பட்டியலைக் கீழே இழுத்து
'முடிக்கப்பட்டது' என்பதைத் தேர்ந்தேன்.
மாதக் கடைசி.
என் பெயருக்கு நேரே திறந்த கோப்புகள்
பத்தைத் தாண்டக்கூடாது.

சனிக்கிழமை மூன்று நாற்பதுக்குப் பற்றியது.

வண்டி ஏழே நிமிடத்தில் வந்தது,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
தேசிய சேவைப் பிள்ளைகள்,
மீசை இன்னும் சரியாக முளைக்காதவர்கள்,
முகம் கரியாகும்வரை தீயை அடித்தார்கள்.
தண்ணீர்க் குழாய் வேலிக்கு இப்பால்.
வேலிக் கதவில் பூட்டு.
சாவி எந்தக் கழகத்திடம் என்று
யாரோ யாரையோ அழைத்துக்கொண்டிருக்க
பூட்டை வெட்டினார்கள்.

தீ எவரையும் அழைக்கவில்லை.
வடிகால், கரை, மண், வேலி
எல்லாவற்றையும் ஒரே பிற்பகலில்
ஒருங்கிணைத்துவிட்டது.

மூங்கில் கழிகளில் காய்ந்த பள்ளிச் சீருடைகளில்
கரித்தூள்.

திங்கள், அறிக்கை.
எரிந்த பரப்பு. அணைக்க எடுத்த நேரம்.
உயிர்ச்சேதம்: இல்லை.
மாலையில் கீழ்த்தளத்தில் கலந்துரையாடல்,
பிளாஸ்டிக் நாற்காலிகள், பொட்டலத்தில் கிரிசாந்தமம் தேநீர்.
ஒலிவாங்கி 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்றது.
மாணவர் யார் என்று கேட்பதற்குள்
நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

செவ்வாய். ஒன்பது ஐந்து.
"மிஸ் மங்கை, ஒரு சின்னத் திருத்தம்."
அவருடைய மெர்போக் புறா. பதினொரு வயது.
கூண்டு மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் தொங்கியது.
அவர் அன்று மகள் வீட்டில்.
"உயிர்ச்சேதம் இல்லை என்று போட்டிருக்கிறீர்கள்.
அளவில் சிறியதுதான், ஆனால்
ஆறு மணிக்குக் கூவும்."

அவர் கோபப்படவில்லை.
கோபப்பட்டிருந்தால்
அதற்கென்று எழுதிவைத்த வாக்கியம்
என்னிடம் இருந்தது.

அக்கினி சாட்சி என்பார்கள்.
சாட்சியைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாயிற்று.
மிச்சம், கோப்பும் நானும்.

திறந்தேன்.
மீண்டும் திறப்பதற்கான காரணம்? என்றது திரை.
தவறான முகவரி.
இரட்டைப் பதிவு.
புகார்தாரர் கோரிக்கை.
'மூடியது நான்' என்பதற்கு வரி இல்லை.
'இதர' என்பதில் தட்டச்சினேன்.
முப்பது எழுத்துக்கு மேல் ஏற்காதாம்;
பாதியை என் பெயரே தின்றுவிட்டது.
இந்த முறை சுருக்கவில்லை.

வியாழன் நல்ல மழை.
லாலாங்குக்கு உயிர் வேரில், தீ எட்டாத ஆழத்தில்.
இன்று பார்த்தேன்: கணுக்கால் அளவு,
கண்ணைப் பறிக்கும் பச்சை.

திறந்த கோப்புகள்: பதினொன்று.